பக்கக் கைப்பிடியைக் கழற்றியது யார்? துளையிடும் இயந்திரமும் இழப்பீட்டுச் சட்டமும்

"மனுதாரர் இயந்திரத்தின் பாதுகாப்புக் கைப்பிடியைத் தாமாகவே கழற்றி வைத்துவிட்டு வேலை செய்ததால் விபத்து நேர்ந்தது, எனவே இழப்பீடு வழங்கும் கடமை எதிர்மனுதாரருக்கு இல்லை." சில மாதங்களுக்கு முன் என் கைக்கு வந்த எதிருரை ஒன்றின் சாரம் இதுதான். இழப்பீடு கேட்டு மனுச் செய்தவர் நரிக்குடிப் பக்கத்துக் காலனி ஒன்றைச் சேர்ந்த இருபத்தைந்து வயது இளைஞர். மதுரையில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில், ஃபால்ஸ் சீலிங் கம்பிகளை மாட்டுவதற்காக மேல்தளத்தில் வரிசையாகத் துளை போட்டுக்கொண்டிருந்தார். கான்கிரீட்டுக்குள் இருந்த முறுக்குக் கம்பியில் பிட் சிக்கியது. பிட் நின்றது; இயந்திரம் நிற்கவில்லை. அவர் கையோடு சேர்ந்து அது சுழன்றது. வலது மணிக்கட்டில் இரண்டு எலும்புகள் முறிந்தன. இரண்டு முறை அறுவைச் சிகிச்சை நடந்த பிறகும் கை முழுதாக மூடவில்லை.

ஒப்பந்ததாரர் இருபதாயிரம் ரூபாயும் எழுதாத ஒரு தாளும் கொண்டுவந்தார். தாளில் கையெழுத்துக் கேட்டார். இளைஞரின் அம்மா மறுத்துவிட்டதால் வழக்கு பிழைத்தது. எதிருரையைப் படித்துக் காட்டியபோது அவர் சொன்ன ஒரே வாக்கியம்: "அந்தப் பிடி எங்கிட்டக் குடுக்கும்போதே கெடையாதுண்ணே."

இந்த ஒரு வாக்கியத்தை ஆணையர் முன் எப்படி மெய்ப்பிப்பது என்று யோசித்த நாள்களில்தான், இயந்திரத்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்பது உறைத்தது. சட்டக் கல்லூரியில் யாரும் ஹாமர் மிஷினைக் கையில் கொடுத்ததில்லை. அதைக் கற்றுக்கொண்ட பிறகு வழக்கின் முகமே மாறியது. அந்தப் பாடத்தைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

திருச்சுழி, நரிக்குடி, அருப்புக்கோட்டை வட்டாரத்தின் நிலைமையை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. மழை பெய்தால் கண்மாய், கண்மாய் நிறைந்தால் வெள்ளாமை. நிறையாத ஆண்டுகளில் சீமைக்கருவேல மூட்டம் போட்டுக் கரி எடுக்கலாம். அல்லது ரயிலோ பேருந்தோ ஏறலாம். சொந்த நிலம் இல்லாத, இருந்தாலும் அரை ஏக்கர் மானாவாரிக்கு மேல் இல்லாத பட்டியல் சாதிக் குடும்பங்களின் பிள்ளைகள் மதுரைக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் கேரளத்துக்கும் கட்டட வேலைக்குப் போகிறார்கள். முன்பு மம்பட்டியும் சட்டியும் கொடுத்தார்கள். இப்போது இயந்திரம் கொடுக்கிறார்கள். இதை முன்னேற்றம் என்று கொள்வதா? எந்த இயந்திரம், யாரால் கற்பிக்கப்பட்டு, எந்த நிலையில் கொடுக்கப்படுகிறது என்பதைப் பார்த்த பிறகே சொல்ல முடியும். நான் பார்த்த பல குழுக்களில் புது இயந்திரம் மேஸ்திரியின் சொந்தக்காரர் கையில் இருந்தது. வயரில் நாலு இடத்தில் டேப் சுற்றிய பழையது காலனிப் பையனிடம் இருந்தது. பயன்பாட்டுக் கையேடு ஆங்கிலத்தில், பெட்டிக்குள்ளேயே உறங்கியது.

ரோட்டரி ஹாமர் என்பது சாதாரண டிரில் அன்று. உள்ளே ஓர் உருளை. அதில் முன்னும் பின்னும் ஓடும் பிஸ்டன். பிஸ்டனுக்கும் அடிக்கும் இரும்புத் துண்டுக்கும் நடுவே அடைபட்ட காற்று. அந்தக் காற்று இறுகி விரியும் வேகத்தில் துண்டு பாய்ந்து பிட்டின் பின்பக்கத்தை அடிக்கிறது. பிட் சுழன்றபடியே அடி வாங்குகிறது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1932இல் இவ்வகை மின்சுத்தியலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் கடைகளில் கிடைக்கும் பிட்டுகளின் அடிப்பகுதியில் காணும் காடிகள் எஸ்.டி.எஸ். என்ற பிடிப்பு முறைக்கு உரியவை. 10 மில்லிமீட்டர் தண்டு உடையது எஸ்.டி.எஸ். பிளஸ், 18 மில்லிமீட்டர் தண்டு உடையது எஸ்.டி.எஸ். மேக்ஸ்.

அடிப்பது காற்று, தொழிலாளியின் தோள் அன்று. எனவே உடல் எடை முழுவதையும் போட்டு அழுத்துவதால் துளை விரைவாக விழாது. அதிகமாக அழுத்தினால் அடி மட்டுப்படும், பிட் சூடேறும், முனையிலுள்ள கார்பைடு சில்லு தேயும், சிக்கினால் திமிறும் விசையும் கூடும். பிட் வழுக்காத அளவுக்கு அழுத்தம் போதும். குறித்த இடத்தில் மெதுவான வேகத்தில் ஒரு சிறு குழி விழச் செய்து, பிறகு வேகத்தைக் கூட்ட வேண்டும். இடையிடையே பிட்டைச் சுழலவிட்டபடியே வெளியே இழுத்துத் தூளை வெளியேற்ற வேண்டும். தூள் அடைத்தாலும் பிட் சிக்கும். தண்டில் சிறிது கிரீஸ் தடவுவது, மோட்டார் நின்ற பிறகே சுழற்சி, அடி, உடைப்பு என்று குமிழை மாற்றுவது, டைல்ஸில் அடியை நிறுத்திச் சுழற்சியில் மட்டும் போடுவது ஆகியவை பழகியவர்களுக்குத் தெரிந்தவை. பழக்கிவிட ஆள் இருந்தவர்களுக்கு, என்று சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிட் கம்பியில் மாட்டும்போது என்ன நடக்கிறது? சுழற்றும் விசைக்குப் பிட் பக்கம் வழியில்லை. அதே விசை எதிர்த்திசையில் இயந்திரத்தின் உடலைச் சுழற்றுகிறது. இதைத் தாங்குவதற்கு இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று, உள்ளிருக்கும் கிளட்ச். குறிப்பிட்ட அளவுக்கு மேல் விசை ஏறினால் அது நழுவ வேண்டும். பழைய இயந்திரங்களில் அது தேய்ந்தோ இறுகியோ போயிருக்கும். மற்றொன்று, சக்குக்குப் பின்னால் கழுத்தில் இறுக்கும் பக்கக் கைப்பிடி. இது சுழற்சி அச்சிலிருந்து தள்ளி நிற்பதால் நெம்புகோலாக வேலை செய்கிறது. ஒரு மணிக்கட்டால் தடுக்க முடியாத திருகலை இரண்டு கைகள் தடுத்துவிடும். கைப்பிடி இல்லாத இயந்திரத்தை ஏணி உச்சியில் ஒற்றைக் கையால் தலைக்கு மேல் பிடிப்பவர், தம் மணிக்கட்டையே கிளட்சாகக் கொடுக்கிறார். மேல்தளத் துளைக்கு ஏணி கூடாது. இரு காலும் ஊன்றி நிற்க அகலமான சாரம் வேண்டும். கம்பி தட்டினால் விசையை உடனே விட்டுவிட்டுத் துளையைச் சற்று நகர்த்திப் போட வேண்டும். கம்பியை வெட்டிக்கொண்டு போவது கைக்கும் கேடு, பீமுக்கும் கேடு.

இனி, இந்தக் கைப்பிடி சட்டத்துக்குள் எப்படி நுழைகிறது என்று பார்ப்போம். 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்குகிறது. அவர் தவறு செய்தாரா என்று கேட்பதே இல்லை. அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு சில விதிவிலக்குகளையும் தருகிறது: தொழிலாளி போதையில் இருந்தால், பாதுகாப்புக்காக வெளிப்படையாக இட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறியிருந்தால், பாதுகாப்புச் சாதனம் என்று அறிந்தே அதை வேண்டுமென்றே அகற்றியிருந்தால் முதலாளி தப்பலாம். ஒப்பந்ததாரரின் வழக்கறிஞர் பிடித்துக்கொண்ட கொம்பு இதுதான்.

ஆனால் இந்த விதிவிலக்குகள் இறப்புக்கோ நிரந்தர முழு ஊனத்துக்கோ பொருந்தா. மற்றக் காயங்களிலும், "வேண்டுமென்றே" என்ற சொல் வெறும் அலங்காரம் அன்று. கவனக்குறைவு, அவசரம், பழக்கத்தால் வந்த அசட்டை எதுவும் "வேண்டுமென்றே" ஆகாது. மெய்ப்பிக்கும் சுமையும் விதிவிலக்கைக் கோரும் முதலாளியின்மீதே விழும். கைப்பிடி வழங்கப்பட்டதா, அது பாதுகாப்புச் சாதனம் என்று தொழிலாளிக்குச் சொல்லப்பட்டதா, அதை இறுக்கி வேலை செய் என்ற உத்தரவு இருந்ததா, அந்த உத்தரவு அவருக்குப் புரியும் மொழியில் இருந்ததா என்று அடுக்கிக் கேட்க வேண்டும். இயந்திரம் தெரிந்த வழக்கறிஞரால்தான் இக்கேள்விகளைக் கேட்க முடியும். தெரிந்த தொழிலாளியால் கேள்விக்கு அவசியமே வராமல் செய்ய முடியும்.

இருபதாயிரத்தின் அளவு என்ன என்பதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அச்சட்டப்படி 2020 ஜனவரி முதல் கணக்கில் கொள்ளும் மாத ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாய். நிரந்தர முழு ஊனம் என்றால் ஊதியத்தில் 60 விழுக்காட்டை, வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 25 வயதுக்குக் காரணி 216.91. ஆக 9,000 × 216.91 = 19,52,190 ரூபாய். சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடுதான் போயிற்று என்று மருத்துவர் மதிப்பிட்டாலும் 5,85,657 ரூபாய் வரும். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டவருக்கு இந்தக் கணக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

ஊனத்தை உடலை வைத்து அளப்பதா, தொழிலை வைத்து அளப்பதா என்பது அடுத்த சண்டை. இதில் பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாஸ் சபதா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் அளித்த தீர்ப்பு இன்றும் நமக்குத் துணை. இடக்கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்ட தச்சர் அவர். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது. ஆகவே அவருக்கு இது முழு ஊனமே என்றது நீதிமன்றம். இழப்பீடு விபத்து நாளிலேயே கொடுக்க வேண்டியதாகிறது என்றும் சொன்னது. பிடிமானம் போன மணிக்கட்டோடு ஒருவர் ஹாமர் மிஷினைப் பிடிக்க முடியுமா என்ற கேள்விக்கு இந்தத் தச்சரின் வழக்கிலிருந்துதான் தொடங்குகிறோம்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. பிளக் உடைந்துபோனால் வயர் முனையைச் சீவிப் பிளக் துளையில் தீக்குச்சி வைத்துச் செருகும் வழக்கத்தை ஒவ்வொரு சைட்டிலும் பார்க்கலாம். இயந்திரத்தின்மேல் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு உடையது; அதற்கு எர்த் கம்பி தேவையில்லை. ஆனால் வயரின் தோல் உரிந்திருந்தால் எந்தக் காப்பும் காப்பாற்றாது. தாற்காலிக இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் இருக்க வேண்டும். அதைப் பொருத்துவது ஒப்பந்ததாரர் வேலை. பழைய கட்டடத்தில் சுவரைத் துளைப்பதற்குமுன் அந்தப் பகுதியின் மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் உள்ளே வயர் ஓடுகிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, நம் மக்களுக்கே உரிய ஆபத்து. "செப்டிக் டேங்க் சுவரில் ஒரு ஓட்டை மட்டும் போட்டுக்கொடு" என்று டிரில்காரரை அழைப்பார்கள். யாரை அழைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. தொட்டிக்குள் தேங்கிய மீத்தேனுக்கு மோட்டார் பிரஷின் பொறி ஒன்று போதும். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்குப் பொறியும் தேவையில்லை. பாதுகாப்புக் கருவிகள் இன்றித் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கழிவுநீர்த் தொட்டி, சாக்கடை இறப்புகளுக்கு இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தி 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'ஓட்டை போடும் வேலை' என்று பெயர் மாற்றி அழைத்தாலும் வேலை மாறுவதில்லை.

தூசி எழுதும் கணக்கு

முறிந்த மணிக்கட்டு கண்ணுக்குத் தெரியும். தெரியாதது தூசி. கான்கிரீட், செங்கல், கிரானைட், டைல்ஸ் எல்லாவற்றிலும் படிகச் சிலிக்கா இருக்கிறது. துளையிடும்போது எழும் தூளில் கண்ணில் உறுத்துவது பெரிய துகள். பத்து மைக்ரானுக்கும் சிறியது கண்ணுக்கே படாமல் மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடுகிறது. அங்கே தழும்பு உண்டாகிறது. அதுதான் சிலிகோசிஸ். பெரும்பாலும் பத்தாண்டு, பதினைந்தாண்டு கழித்தே மூச்சிரைப்பாக வெளிப்படும். வந்த தழும்பை ஆற்ற மருந்தில்லை.

துளையிடும் தொழிலின் வரலாற்றில் நம் மக்களின் நுரையீரல் ஏற்கெனவே இடம்பெற்றிருக்கிறது. கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் தொடங்கிய சுரங்கங்களுக்கு வட ஆற்காட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் போனவர்களில் பெரும் பகுதி தலித் மக்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன அந்த ஆழத்தில் பாறையைத் துளைத்தவர்கள் அவர்கள். 1940களில் அங்கு நடந்த மருத்துவ ஆய்வில் பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோருக்குச் சிலிகோசிஸ் இருந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. தழும்புகள் வீட்டுக்கு வந்தன.

அமெரிக்காவில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். மேற்கு வர்ஜீனியாவின் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதை, 1930இல் தொடங்கிய வேலை. தொழிலாளர்களில் நான்கில் மூவர், பிழைப்புத் தேடித் தெற்கிலிருந்து வந்த கறுப்பினத்தவர். துளைமுனையில் தண்ணீர் பாய்ச்சினால் தூசி அடங்கும் என்பது அன்றே தெரியும். உள்ளீடற்ற துளைக்கம்பி வழியாகத் தண்ணீர் செலுத்தும் இயந்திரத்தை ஜார்ஜ் லெய்னர் 1890களிலேயே செய்துவிட்டார். அதற்கு முந்தைய உலர் இயந்திரங்களைத் தொழிலாளர்கள் 'விதவையாக்கி' என்றே அழைத்தார்கள். அங்கோ, வேகத்துக்காக உலர்வாகத் துளைக்க வைத்தார்கள். 1936இல் நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில் பேசப்பட்ட இறப்பு எண்ணிக்கை 476. பிற்காலத்தில் மருத்துவர் மார்ட்டின் செர்னியாக் செய்த மதிப்பீடு 764. சாதியும் நிறமும் வேறு வேறு ஏற்பாடுகள். தூசியை யார் மூச்சுக்கு ஒதுக்குவது என்று வரும்போது அவை சொந்தக்காரர்கள் போல நடந்துகொள்கின்றன.

சைட்டுக்குத் திரும்புவோம். மூக்கில் கட்டும் துண்டு பெரிய தூளைத் தடுக்கும். ஆளைக் கொல்லும் தூளைத் தடுக்காது. முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்-95 கவசம் குறைந்தபட்சத் தேவை. அதைவிட மேலானது, பிட்டைச் சுற்றி மூடியிட்டுத் தூசியை உறிஞ்சும் அமைப்பு. அமெரிக்காவின் 2016ஆம் ஆண்டு விதி கையால் பிடிக்கும் ஹாமர் டிரில்லுக்கு இதையே முதல் வழியாகச் சொல்கிறது. பாறைச் சுரங்கத்தைப் போல மின் இயந்திரத்தின்மீது தண்ணீர் ஊற்றக் கூடாது. அது வேறொரு சாவு. விழுந்த தூசியை நனைத்த பிறகே பெருக்க வேண்டும். இங்கே சித்தாள் பெண்களை மறந்துவிடுகிறோம். அவர்கள் இயந்திரத்தைத் தொடுவதில்லை. ஆனால் நாள் முழுவதும் உலர்ந்த தூசியைப் பெருக்குகிறார்கள். அவர்களுக்கும் அதே கவசம் வேண்டும்.

அதிர்வும் ஒரு கணக்கை எழுதுகிறது. நாளொன்றுக்குக் கைக்கு வரும் அதிர்வு, எட்டு மணி நேரச் சராசரியில் விநாடிக்கு விநாடி 2.5 மீட்டரைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5ஐத் தாண்டவே கூடாது என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை. 12 அளவு அதிர்வுள்ள ஒரு ஹாமர் டிரில்லை எடுத்துக்கொண்டால், முதல் வரம்பு 21 நிமிடத்தில் எட்டிவிடும். இரண்டாவது 83 நிமிடத்தில். விசையை அழுத்தியிருக்கும் நேரம் மட்டுமே இது. நம் பையன்கள் காலை எட்டரையிலிருந்து மாலை ஆறு வரை பிடிக்கிறார்கள். விரல் நுனி வெளுத்து மரத்துப்போவதை "ரத்தம் கட்டியிருக்கு" என்று தைலம் தேய்த்துக்கொள்கிறார்கள்.

1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சிலிகோசிஸைத் தொழில்நோயாகவும், இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவைத் தொழில்நோயாகவும் ஏற்கிறது. சிலிகோசிஸ் வருவது ஒரே முதலாளியிடம் வேலை செய்து அன்று. ஆகவே பல முதலாளிகளிடம் உழைத்து நோய் வந்தால் அவர்கள் எல்லோரும் ஆணையர் பிரிக்கும் விகிதத்தில் பொறுப்பாவார்கள் என்றும் சட்டம் சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் பதினைந்து ஆண்டுகளில் முப்பது சைட்டுகளில் வேலை செய்த ஒருவர், எந்த மேஸ்திரியிடம், எந்த ஊரில், எத்தனை நாள் என்று எதைக் காட்டி நிறுவுவார்? மருத்துவமனைச் சீட்டில் பெரும்பாலும் காசநோய் என்றே எழுதியிருக்கும். சிலிக்கா தூசி காசநோய்க்கும் வழிவிடும் என்பதால் அது பொய்யாகவும் இருக்காது. மருத்துவரிடம் "நான் இத்தனை ஆண்டு கான்கிரீட் துளைத்தேன், இதைச் சீட்டில் எழுதுங்கள்" என்று கேட்டு வாங்காவிட்டால், நோயின் காரணம் தாளில் ஏறுவதே இல்லை. சிலிகோசிஸ் இழப்பீடு குறித்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கு 2006 முதல் நடந்து 2024 ஆகஸ்டில்தான் முடிந்தது. இழப்பீட்டு வழங்கலைக் கண்காணிக்கும் பொறுப்பைத் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் உச்ச நீதிமன்றம் ஒப்படைத்திருக்கிறது. ஆணையத்தின் கதவைத் தட்டுவதற்கும் அந்தத் தாள்தான் தேவை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்தது. இழப்பீட்டுச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. "வேண்டுமென்றே அகற்றினார்" என்ற விதிவிலக்கும் கூடவே போயிருக்கிறது. கவலை தருவது இன்னொரு மாற்றம். சொந்தக் குடியிருப்புக்காகக் கட்டும் வீடு 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டடத் தொழிலாளர் நல வரியிலிருந்து விலக்கு இருந்தது. புதிய தொகுப்பு அதை 50 லட்சமாக்கியிருக்கிறது. அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் எழும் வீடுகளில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள்தான் வரும். நல வாரியத்துக்குச் சேரும் பணம் அந்த அளவுக்குச் சுருங்கும். ஆனாலும் வரி விலக்கு வேறு, விபத்து இழப்பீடு வேறு. "சின்ன வீடு, சட்டம் வராது" என்று சொல்பவரை நம்பி யாரும் திரும்பிவிட வேண்டாம். நல வாரியப் பதிவையும் விட்டுவிட வேண்டாம். 18 முதல் 60 வயது வரை உள்ளோர் பதிந்துகொள்ளலாம்.

என் கட்சிக்காரருக்கு வருவோம். எங்களைத் தாங்கியது ஒரு கைப்பேசிப் படம். விபத்துக்கு எட்டு நாள் முன்பு உடன் வேலை செய்த பையன் ஒருவன் விளையாட்டாக எடுத்தது. சாரத்தில் நின்று மேல்தளத்தைத் துளைக்கிறார் இவர்; தலைமுடியெல்லாம் வெள்ளை; வாயில் துண்டு. இயந்திரத்தின் கழுத்தில் கைப்பிடி இறுக்க வேண்டிய வளையம் வெறுமையாகத் தெரிகிறது. கைப்பிடி விபத்தன்றுதான் கழற்றப்பட்டது என்ற எதிருரையோடு அந்தப் படம் ஒத்துப்போகவில்லை.

அதற்குப் பிறகு நரிக்குடிப் பக்கம் கூட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் இரண்டு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். புதிய சைட்டில் இயந்திரத்தை வாங்கியதும், பிளக்கில் செருகுமுன், கைப்பிடி, வயர், பிளக் மூன்றும் தெரிய ஒரு படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்றில், போன ஊர், கட்டட முகவரி, மேஸ்திரி பெயர், கைப்பேசி எண், சேர்ந்த தேதி, விட்ட தேதி, வாங்கிய கூலி, துளைத்த பொருள் ஆகியவற்றை எழுதிவர வேண்டும். விபத்து வழக்கைத் தொடர இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நோட்டை எழுத அன்றைய மாலை மட்டும்தான். சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு சித்தாள் அக்கா கேட்டார்: "மிஷின் பிடிக்கிறவனுக்குத்தான் நோட்டா, கூட்டுறவளுக்கு இல்லையா?" அடுத்த முறை போகும்போது நோட்டுகளை இரண்டு மடங்காக வாங்கிக்கொண்டு போனோம்.